கரி வண்டி கார்டின் புறங்கை

நிலக்கரி ஏற்றிப்போன கரி வண்டி நின்றுபோய்ப் பல வருஷமாயிற்று. நாங்கள் குடியேறிய மங்கரேயிலிருந்து தெற்கே காரில் போனால், மிச்சமிருக்கும் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரயில் ஒன்று ஓட்டுகிறார்கள். மகளோடு போயிருந்தேன்.

இறக்கம் முடிந்ததும் வண்டி சட்டென்று நின்றது. "பிரேக் போச்சு!" என்று கத்தினேன். பிரேக் போனால் வண்டி எப்படி நிற்கும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மகள், "அப்பா, ஸ்டாப் இட்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார்டு கீழே இறங்கினார். மலேசியத் தமிழர், எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. கரி ஓடிய காலத்திலும் இந்தப் பாதையில் கார்டாக இருந்தவராம். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சிலும் புறங்கையை வைத்து வைத்து எடுத்தார். தப்பிக்க இதுதான் சமயம் என்று நானும் குதித்துவிட்டேன்.

"என்னங்கய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, தம்பி. இறக்கம் முடிஞ்சா இங்க நிறுத்திச் சூடு பார்ப்போம். கரி வண்டிப் பழக்கம். சுட்டா அந்தப் பெட்டியக் கழட்டிடுவோம்."

"இப்ப சுடுதா?"

"இல்ல லா. கடைசி கரி வண்டியிலயும் எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூடச் சுடல. இருந்தும் கரி வண்டியையே நிறுத்திட்டாங்க."

மிச்சமிருந்த அச்சையும் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு அதே புறங்கையை என் நெற்றியில் வைத்தார்.

"உங்களையும் கழட்ட வேணாம். ஏறுங்க."

நெற்றியில் கறுப்பாக ஒட்டியிருக்கிறது என்று வழியெல்லாம் மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். வீடு சேரும்வரை நான் துடைக்கவில்லை.