ஜிபர்குல் பக்கத்தைக் காப்பாற்றிய சொந்தங்கள்

கிர்கிஸ்தானின் நாரின் ஊர்க் கல்லூரி ஆசிரியை ஜிபர்குலுக்குச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் அதிகம். கணினியைத் தானே கற்கப் பழக்கும் மெஷின் லேர்னிங் என்கிற வித்தையை அவள் கிர்கிஸ் மொழியில் பாடமாக்கி, இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தாள். ருஷ்ய மொழியில் தடுமாறும் மலைப் பிள்ளைகளுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை. மூன்று வருஷ உழைப்பு.

புதுப் பாடம் வந்ததும் தாய்மாமன் தொக்தோசுன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாழ்த்து எழுதுவார்: "மகளே, உன் பாதை வெளிச்சமாகட்டும், மந்தை பெருகட்டும்." மொத்தக் குடும்பமும் அதை அப்படியே எடுத்துப் பாடத்தின் கீழே போடும். பெரியவர் வாழ்த்தில் ஒரு எழுத்தை மாற்றினால் அவரை மிஞ்சப் பார்ப்பதாக அர்த்தம். அந்தத் துணிச்சல் அங்கே யாருக்கு இருக்கிறது?

தேர்தல் வந்தது. அரசாங்கங்கள் ஏவிவிடும் போலிக் கணக்குகளை வேட்டையாட இணைய கம்பெனி கிளம்பியது. ஒரே நேரத்தில் ஒரே வாசகத்தைக் கொட்டும் கூட்டம் என்று ஜிபர்குலின் சொந்தங்கள் சிக்கினார்கள். பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள். வாழ்த்தியவர்கள் எல்லோரும் பக்கத்தில் என்ன பாடம் நடக்கிறதென்று சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பினால் திறப்பார்களாம்.

ஜிபர்குல், சொந்தங்கள் கூடாரம் போட்டிருந்த மேய்ச்சல் மலைக்கு ஓடினாள்.

"போலியா? உங்க பெரியம்மா குதிரப்பால் கறக்கறத நேர்ல வந்து பாக்கச் சொல்லு, யாரு போலின்னு தெரியும்" என்றார் மாமா.

"அவங்க வரமாட்டாங்க மாமா. நீங்கதான் பாடத்தப் புரிஞ்சுக்கணும். உங்க கால்ல விழறேன்."

கூடாரத்துக்கு வெளியே வகுப்பு நடந்தது. குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் கிண்ணம் கை மாறிக்கொண்டே இருந்தது. புள்ளிகளை வகை பிரிக்கும் பாடத்தில் மாமா தொடையைத் தட்டினார்.

"அடிப்போடி, இவ்வளவுதானா! நம்ம ஆட்டையே பாத்துப் பழகின நாய், பக்கத்து மந்தை ஆடு வந்தா தானே பிரிச்சு வெரட்டுது. அந்த நாய்தான் உன் மெஷின்!"

பெரியம்மா அதையே பாலாடையை வைத்துச் சொன்னாள், மச்சான் பழைய லாரிகளை வைத்துச் சொன்னான். ஜிபர்குல் நிம்மதியாக ஊர் திரும்பினாள்.

எழுதும் நாளில் மாமா முதலில் எழுதி, குடும்பக் குழுவிலும் போட்டார். பிறகு அத்தனை பேரும் அதே நாயை, அதே ஆட்டை, ஒரு புள்ளி மாறாமல் அனுப்பினார்கள்.

பக்கத்தை அடியோடு அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. ஜிபர்குல் மறுபடி மலையேறிக் கத்தினாள்.

"பெரியம்மா, உங்க பாலாடை எங்க போச்சு?"

"மாமா எழுதினப்புறம் நான் வேற ஒண்ணு எழுதினா நல்லாவா இருக்கும்?"

அவள் அங்கேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். மூன்று வருஷத்துப் பாடத்தில் ஒரு வரி மிச்சமில்லை. மாமாவுக்குத் தாங்கவில்லை. குதிரையை விட்டு இறங்கி வந்தார்.

"அழாத தாயி. அந்தக் கம்பெனிக்காரன் நம்ம மேல அப்படி என்ன குத்தம் சொல்றான்?"

"நமக்குப் பின்னால அரசாங்கம் நிக்குதாம் மாமா."

மாமா நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். வெள்ளம் அடித்துப்போன ஆற்றுப்பாலத்தின் தூண்கள் மட்டும் தெரிந்தன.

"எங்க நிக்குதுன்னு கேட்டுச் சொல்லு. பாலத்துக்கு மனு எழுதி எழுதி எனக்குக் கை ஓஞ்சுபோச்சு."