அரை முறம் குளிர்

தீர்த்தகிரி சனிக்கிழமைகளில் தோற்றதே இல்லை. மொரப்பூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்த புளிக் கிடங்கில் மூட்டை தூக்குகிற அவன், ஒவ்வொரு மே மாதமும் தருமபுரியில் நடக்கும் இரண்டு நாள் ஓட்டப் போட்டிக்குப் போவான். சனிக்கிழமை பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று. எண்பத்திரண்டில் அவன்தான் முதல், எண்பத்து மூன்றிலும் அவன்தான். மறுநாள் ஐயாயிரம் மீட்டர். அன்றைக்குக் கால்கள் இரண்டும் நனைந்த சாக்காகக் கனக்கும். ஒரு வருஷம் ஏழாம் சுற்றில் உட்கார்ந்தான். அடுத்த வருஷம் ஐந்தாம் சுற்றில். இரண்டு நாளும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர்களைத்தான் சென்னைக்கு, மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

கூட மூட்டை தூக்கும் மாதப்பன் அவனுக்குச் சனிக்கிழமைக் குதிரை என்று பெயர் வைத்தான். எண்பத்து நாலில் குதிரைக்கு வயது இருபத்தாறு. இன்னும் எத்தனை மே மாதம் இந்தக் கால் தாங்கும் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவனுடைய அக்கா கண்ணம்மாள் அதே கிடங்கின் முற்றத்தில் புளிக்குக் கொட்டை எடுப்பவள். மூட்டை தூக்கின ராத்திரிகளிலும் ஓட்டம் முடிந்த ராத்திரிகளிலும் புளியந்தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைத் தம்பியின் காலுக்கு ஊற்றிவிடுவாள். ஒன்றிரண்டு நாள் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பங்குனி மாதம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏன்டா தீர்த்தா, ஐஸ் ரூமுக்குள்ள மூட்டை அடுக்கின மறுநா நீ கையூனாம எந்திரிக்கற. லாரிக்கு ஏத்தின மறுநா செவுத்தப் புடிச்சிக்கிட்டு எந்திரிக்கற. என் வெந்நி ரெண்டு நாளும் ஒரே வெந்நிதான்."

"அதுக்கு?"

"இந்த வருசம் வெந்நிய நிறுத்திப் பாக்கலாம்ங்கறேன்."

புளி கறுத்துப் போகாமல் இருக்க, வருஷம் முழுவதும் அந்த அறையைக் குளிர வைத்திருப்பார்கள். அதன் எந்திரத்தையும் சாவியையும் காத்தவர் அப்துல் கனி. அக்கா போய்க் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார்.

"சரக்கில்லாம கதவத் தொறக்க மாட்டேம்மா. அனல் உள்ள போயி புளி கறுத்தா, உன் தம்பி வந்து வெளுப்பானா?"

"மூட்டையோட வந்தா, பாய்?"

"மூட்டையோட வந்தா நான் யாரு கேக்கறதுக்கு?"

சனிக்கிழமை காலை இருபத்தைந்து சுற்றையும் ஓடி முதலாக வந்து, பஸ் ஏறினான் தீர்த்தகிரி. வெயிலில் ரோடு தண்ணீராக மினுங்கியது. பஸ் அதற்குள் இறங்க இறங்க, தண்ணீர் தள்ளித் தள்ளிப் போனது. மொரப்பூரில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான். கிடங்கு வாசலில் அக்கா ஒரு சாக்கோடு நின்றாள். அதற்குள் இரண்டு முறம் புளிதான் இருந்தது. குழந்தையைத் தூக்குவது மாதிரி அதை அவன் தோளில் வைத்தாள். கனி பாய் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டு எந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்காவிடம் கடிகாரம் இல்லை. ஒரு முறம் புளிக்குக் கொட்டை எடுக்க அவளுக்குச் சரியாக அரைமணி ஆகும். பேச்சுக் கொடுத்தாலும் நேரம் கூடாது, குறையாது. "அரை முறம். முடிஞ்சதும் தட்டுவேன். வந்துடணும்" என்றாள்.

கதவு மூடியது. அரைக்கால் சட்டையோடு அவன் மூட்டைகளின் நடுவில் நின்றான். ஒற்றை பல்பின் வெளிச்சம் பால் கலந்த மாதிரி இருந்தது. மூச்சு வெண்மையாகப் போய், மூட்டை மேல் பட்டுக் கலைந்தது. முதலில் பாதம் எரிந்தது. பிறகு ஆடுசதை முள்ளாய்க் குத்தி, மெல்ல அடங்கியது. அப்புறம் கால் என்று ஒன்று இருப்பதே மறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்திரம், வராமலே வந்துகொண்டிருக்கும் ரயிலைப் போல முனகியது. மூட்டைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. நடுவில் ஒரு மைதானம், மார்கழி விடியல் போல வெளுத்துக் கிடந்தது. அதில் அவன் ஓடினான். தரை தட்டவில்லை, மூச்சு வாங்கவில்லை. முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. எத்தனையாவது சுற்று என்று கேட்க நினைத்தான். கேட்கிற அளவுக்கு அது முக்கியமாகப் படவில்லை. தூரத்தில் யாரோ மரத்தைத் தட்டினார்கள். மறுபடி தட்டினார்கள். இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று இருந்தது.

அக்கா மூன்றாம் தடவை தட்டவில்லை. கதவை இழுத்துத் திறந்து உள்ளே வந்தாள். மூட்டையில் சாய்ந்து நின்றபடி கண் மூடியிருந்தவனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து, முற்றத்தில் புளி காயும் தார்ப்பாயின் ஓரத்தில் படுக்க வைத்தாள். அவனுக்குப் பல் கிட்டி உடம்பு நடுங்கியது. வெயில் உடம்பில் ஊற, ஊரே புளிப்பும் இனிப்புமாக மணத்தது.

"தட்டினது கேக்கலியாடா?"

"கேட்டுது. நல்லா ஓடிட்டிருந்தேங்க்கா."

"ஓட்டம் நாளைக்கி" என்றபடி கனி பாய் திறந்து கிடந்த கதவைச் சாத்தினார். அன்று சாயங்காலம் வரை அக்கா முறத்தைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் பாயிலிருந்து கையூன்றாமல் எழுந்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போலப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மைதானத்தில் ஐந்தாம் சுற்று போனது. ஏழாம் சுற்றும் போனது. பத்தாவதில் வலி வந்தது. ஆனால் அது எங்கோ கதவுக்கு வெளியே நின்று தட்டுகிற வலியாக இருந்தது. அவன் திறக்கவில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். மூன்றாவதாகக் கோட்டைக் கடந்து, நின்றபடியே நின்றான். உட்காரவில்லை.

சென்னையில் அவனுக்குப் பதினோராவது இடம். திரும்பி வந்த அன்றே மூட்டைக்குத் தோள் கொடுத்தான். "குதிர ஞாயித்துக்கெழமையும் கொள்ளு தின்னுடுச்சு" என்றான் மாதப்பன். அதோடு அந்தப் பெயரை விட்டுவிட்டான்.

தீர்த்தகிரி இன்னும் நான்கு வருஷம் ஓடினான். ஓடி வந்த நாளில் எல்லாம் இரண்டு முறம் புளியைத் தோளில் வைத்துக்கொண்டு கனி பாய் முன்னால் போய் நிற்பான். அவர் ஒன்றும் கேட்காமல் திறந்துவிடுவார். அக்கா அப்போதெல்லாம் முற்றத்தில் உட்காருவதில்லை. கதவை ஒட்டி முறத்தைப் போட்டுக்கொண்டு, அரை முறம் வரை பொறுக்காமல் கால் முறத்திலேயே தட்டிவிடுவாள்.