இடிந்த அடுப்பு

பொய் சொன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அம்மா. அந்த அம்மாவே ஒருநாள் கூசாமல் பொய் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்போது எனக்கு ஐந்து வயது.

உலகச் சண்டை நடந்த காலம். நார்த்தாமலைப் பக்கம் எங்கள் ஊர். அங்கே வேதக்காரர் வீடு எங்களுடையது ஒன்றுதான். அடுத்த வீட்டு அத்தையின் கணவர் மலேயாவில் இருந்தார். ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததிலிருந்து அவரிடமிருந்து கடிதமும் இல்லை, காசும் இல்லை. அத்தை ரோஷக்காரி, யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு காலையில் தேங்காய் மட்டையோடு நெருப்பு வாங்கப் போன அம்மா, அந்த வீட்டு அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

உடனே ஒரு சட்டிக் கஞ்சியை என்னிடம் கொடுத்தனுப்பினார். அத்தை வாசலிலேயே மறித்துவிட்டார்.

"இப்பத்தான்டி நாங்க குடிச்சோம். ஒங்க அம்மாகிட்டயே கொண்டுபோய்க் குடு."

பின்னால் நின்ற அவருடைய பிள்ளைகள் இருவரும் சட்டியையே பார்த்தார்கள்.

நான் வந்து சொன்னதைக் கேட்ட அம்மா, சிலுவைக்கு முன்னால் போய் நின்றார். பிறகு உலக்கையை எடுத்து எங்கள் அடுப்பை ஓங்கி இடித்தார். போன வாரம்தான் பூசி மெழுகிய அடுப்பு. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பயந்து அழுதேன். அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"மதினி, எங்க அடுப்பு இடிஞ்சுபோச்சு. இங்கிட்டு ஒரு ஒலை வச்சுக்கிறட்டுமா?"

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். சோறு வெந்ததும் அம்மா எல்லோருக்கும் இலை போட்டார்.

"ஒங்க அடுப்புல வெந்தத நாங்க மட்டும் எப்புடி மதினி திங்கிறது?"

நாங்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். அத்தை அழுதுகொண்டே சாப்பிட்டார். அடுப்புப் புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

ஒரே காலைப்பொழுதில் புது அடுப்புப் போடக்கூடியவர் அம்மா. ஆனால் சண்டை முடிந்து மாமா ஊர் திரும்பும்வரை அவர் அதைப் போடவே இல்லை. அதுவரை தினமும் அத்தை வீட்டு அடுப்பில்தான் உலை, எங்களுக்கும் அரை வயிறுதான். என்னைப் பெற்ற அய்யாவும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் அம்மாவின் ஆத்துமத்தைப் பற்றிக் கவலை. அவர் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம், அந்தப் பொய்யை மறக்காமல் சொல்லிவிட வேண்டுமே என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொள்வேன்.

மாமா வந்த மறுவருஷம் மழை பொய்த்தது. தெருக்கோடியில் கைக்குழந்தையோடு இருந்த கைம்பெண் வீட்டில் புகையே எழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு காலையில் அத்தை அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போவதைப் பார்த்து, எங்கே என்று கேட்டேன்.

"எங்க அடுப்பு இடிஞ்சுபோச்சுடி" என்றார்.

எங்கள் தெரு மண்ணில் அடுப்பே நிற்காது போலிருக்கிறது என்று ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். மண் கெட்டுப்போனதற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.