மாலை போட்ட முதல் வேஷம்

சந்தன மாலை வாசனை மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குச் செத்துப்போன யாராவது ஞாபகம் வருவார்கள். எனக்கு என்னுடைய பதினாறு வயசுதான் ஞாபகம் வரும். அசல் சந்தனமெல்லாம் இல்லை, ஏதோ ஒரு மரத்தின் சீவலைச் சுருட்டிக் கோத்து, மேலே செண்ட் தெளித்து, நடுவில் ஜிகினாக் குஞ்சலம் ஒன்றைத் தொங்கவிட்டு சிவாஜிநகர் மார்க்கெட்டில் விற்பார்களே, அந்த மாலை. அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நான் நடிக்க வந்தேன். இப்போது கன்னட சீரியல்களில் அம்மா வேஷமும் அத்தை வேஷமும் கட்டிக்கொண்டிருக்கிற என்னிடம், நான் குடியிருக்கிற லிங்கராஜபுரத்துப் பிள்ளைகள் வந்து, "ஆன்ட்டி, நீங்க எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?" என்று கேட்கும்போது, "செத்துப்போய்த்தான் ஆரம்பிச்சேன்" என்பேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சத்தியமாக அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்போது எங்கள் வீடு தொம்மலூரில் இருந்தது. மூன்று தலைமுறைக்கு முன்பே அரசாங்க உத்தியோகம் என்று வந்து இந்த ஊரோடு ஒட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம், காய்கறி வண்டிக்காரரிடம் சண்டை போடும்போது மட்டும் அரைகுறை உருது. அப்பா ஒரு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. க்ரீம் கலர் அரைக்கைச் சட்டை, கையில் டிபன் பை, யாரிடமும் எதையும் கேட்டு நிற்காத சுபாவம். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலதிகாரியைப் பார்த்துப் பேசி வீட்டுக்குப் பக்கத்து ஆபீஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனபோதுகூட, "கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்று இரண்டு பஸ் மாறிப் போய் வந்த மனுஷன் அவர்.

எனக்கோ நடிப்புப் பைத்தியம். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று அழுது, அழுகிற முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக அழுகையை நிறுத்தி, மறுபடி அழுவேன். அம்மா அதை "ஷோக்கு" என்பாள். "இந்த ஷோக்கெல்லாம் உங்க அப்பா வர்றதுக்குள்ள முடிச்சுக்கோ" என்பாள். அப்பாவிடம் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, பேப்பரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "நமக்கெதுக்கும்மா அதெல்லாம், முதல்ல பி.யு.சி.யை முடி" என்றார். அவர் அகராதியில் அதற்குக் "கூடாது" என்று அர்த்தம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய பங்களா இருந்தது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்ததால் அதை சீரியல் எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். தெருவில் எல்லோரும் அதை "தாராவாஹி வீடு" என்போம்; கன்னடத்தில் சீரியலுக்கு அதுதான் பெயர். காலேஜ் விட்டு வரும்போதெல்லாம் நான் அந்தக் கேட்டில் தொங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மேனேஜர் மஞ்சண்ணா, ஒருநாள், "மூரு போட்டோ கொடம்மா" என்றார். நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று. நடிகையாவதற்கு மூன்று போட்டோ போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா உண்மையில் என் கட்சி. காலேஜ் அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டும் என்று அப்பாவிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, என்னை பஸ்ஸில் சிவாஜிநகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கறிக்கடைகளையும் துணிக்கடைகளையும் இடித்துப் பிடித்துத் தாண்டி, ஒரு மாடிப்படி ஏறினால் ஸ்டுடியோ. விளக்கைப் போட்டதும் என் முகம் மரக்கட்டையாகிவிட்டது. சிரி, சிரி என்று போட்டோக்காரர் கெஞ்சினார். அப்போது அம்மா, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லாத பேப்பரை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து, மூக்கு நுனியால் அதைப் படித்து, "நமக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்று வாயை மட்டும் அசைத்தாள். அச்சு அசல் அப்பா. நான் குபீரென்று சிரித்துவிட்டேன், போட்டோக்காரரும் பிடித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மஞ்சண்ணா அந்தச் சிரிக்கிற படம்தான் டைரக்டருக்குப் பிடித்துப்போனது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள், எனக்குத் தலை நிறைய கனகாம்பரம் வைத்தாள். உள்ளே நுழைந்ததும் ஹால் சுவரில் நான் இருந்தேன். பெரிய சட்டத்துக்குள், என் தலை மட்டுமே ஒரு முழத்துக்கு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. நெற்றிக்கு நேராகக் கண்ணாடியின் மேல் குங்குமப் பொட்டு, கீழே சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு, கழுத்தைச் சுற்றிச் சந்தன மாலை.

அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்படியே மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சண்ணாவுக்கு எங்கள் முகம் போன போக்கு புரியவே இல்லை. கதையில் அந்த வீட்டு மூத்த பெண் விபத்தில் போய்விட்டாள், குடும்பமே அவளை நினைத்து உருகுகிறது, கதைக்கே உயிர் இந்தப் பெண்தான் என்று ஆசை ஆசையாக விளக்கினார். நடிக்கிற மாதிரி ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். ஃபிளாஷ்பேக் இருக்கிறது, அதில் நீ உயிரோடு வருவாய், வசனமெல்லாம் உண்டு என்றார். அம்மா படத்தைக் கழற்றிக் கொடுங்கள் என்றாள். நான் அழுதேன். கண்ணாடி முன்னால் பழகின அழுகை இல்லை, நிஜமாகவே மூக்கு ஒழுகுகிற அழுகை. இந்த ஒரு படத்தைக் கழற்றிவிட்டால் இந்த ஜென்மத்தில் எனக்கு வேறு வாய்ப்பு வராது என்று அப்போது முழுசாக நம்பினேன். கடைசியில் அம்மா இரண்டு நிபந்தனை போட்டாள்: அப்பாவுக்குத் தெரியக்கூடாது, வெள்ளிக்கிழமை தோறும் உப்பும் மிளகாயும் வைத்துத் திருஷ்டி சுற்றிப்போடும்போது நான் முணுமுணுக்கக்கூடாது.

தாராவாஹி தினமும் சாயங்காலம் வந்தது. அப்பா ஆபீஸிலிருந்து வருவதற்குள் முடிந்துவிடும். யார் யாரோ என் முன்னால் வந்து அழுதார்கள், சத்தியம் பண்ணினார்கள், விளக்கேற்றினார்கள். நான் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். காலேஜில் என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கலாட்டா ஆரம்பித்தது. அதுகூடப் பரவாயில்லை. வாரம் வாரமாக அந்த ஃபிளாஷ்பேக் வரவே இல்லை, அதுதான் என்னை அரித்தது. கேட்டில் போய் நின்றால் மஞ்சண்ணா, "பருத்தம்மா, பருத்தே" என்பார், வரும் வரும் என்று. என் சாவைத் தாண்டி கதை வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. உயிரோடு ஒரு நிமிஷம் வராமலே என் நடிப்பு வாழ்க்கை முடிந்துவிடும்போல இருந்தது.

அப்படி இருக்கையில் ஊரில் ஏதோ பந்த். ஆபீஸை மத்தியானமே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் அப்பா காபி டம்ளரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது; எழுந்து நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்த வீட்டு அம்மா விளக்கை ஏற்றி, "மகளே" என்று கதறினாள். கேமரா நகர்ந்து நகர்ந்து என் முகத்துக்கு வந்தது. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அடுக்களை வாசலில் வந்து நின்ற அம்மாவிடம், "இது யாரு?" என்று மட்டும் கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா டிவியை நிறுத்திவிட்டு வந்து என் தலையில் கையை வைத்தார். வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு, "வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கால் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பாமல் தெருக்கோடிக்குப் போனது. தொலைந்தோம், படத்தைப் பிடுங்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். டைரக்டர் முன்னால் போய் நின்றார். ஆபீஸில் பேசுகிற அதே மரியாதைக் கன்னடத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஒண்ணு, அந்தப் படத்தைக் கழட்டுங்க. இல்லேன்னா என் பொண்ணை ஒரு தடவையாவது உயிரோட காட்டுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணாம நான் போறதா இல்லை."

டைரக்டர் முதலில் சிரித்தார். இத்தனை நாள் சுவரில் தொங்கிய படம் திடீரென்று காணாமல்போனால் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள், கழற்ற முடியாது என்றார். ஃபிளாஷ்பேக்குக்கு இப்போது நேரமில்லை என்றார். சரி என்று சொல்லிவிட்டு அப்பா முன்வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் எதையும் கேட்டு நிற்காத என் அப்பா, மடியில் டிபன் பையோடு, மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் நின்றேன். மஞ்சண்ணாதான் இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்தார், உள்ளே போய் எங்களுக்காகப் பேசியதும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு டைரக்டர் வெளியே வந்தார். ஒரே ஒரு ஷாட், இப்போதே எடுத்துவிடலாம் என்றார். கதையில் வருகிற அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பெண் புத்தகத்தோடு மாடிப்படி இறங்கி வந்து, நேரமாச்சு, வரேன் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போகிறாள். அதற்கப்புறம் திரும்பி வரவில்லை. எல்லாம் தயாரான பிறகுதான் அப்பா வேஷக்காரர் அன்றைக்கு வேறு ஷூட்டிங்கில் இருக்கிறார் என்று தெரிந்தது. முதுகு மட்டும் தெரிந்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். டைரக்டரின் கண் என் அப்பாவின் க்ரீம் கலர் சட்டை மேல் போய் நின்றது.

திரும்பக்கூடாது, பேசக்கூடாது, கையை மட்டும் தூக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா பேப்பரை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டார். சுவரில் என் படத்தைத் துணி போட்டு மூடினார்கள், அது அந்தப் பெண் உயிரோடு இருக்கிற காலம் என்பதால். மூன்று தடவை நான் கேமராவைப் பார்த்துத் தொலைத்தேன். நாலாவது தடவை அப்பாவின் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன். "அப்பா, ஹொத்தாய்த்து, பர்த்தீனி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். கையை மட்டும் தூக்க வேண்டிய மனுஷன், அத்தனை விளக்கையும் மறந்து, தமிழில், "பாத்துப் போயிட்டு வாம்மா" என்றார்.

அது கதையில் இல்லை. நான் நின்று, திரும்பி, அவர் முதுகைப் பார்த்துச் சிரித்தேன். அதுவும் கதையில் இல்லை. டைரக்டர், பரவாயில்லை, குரலை மியூசிக் போட்டு மூடிவிடலாம், ஷாட் ஓகே என்றார். அப்பா என்னிடம், "தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

அது ஒளிபரப்பானபோது அப்பா நின்றுகொண்டே பார்த்தார். பத்து விநாடி இருக்குமோ என்னவோ. "உங்க முதுகு நல்லாத்தான் நடிச்சிருக்கு" என்று அம்மா கேலி பண்ணினாள். அதற்குப் பிறகும் அவர் பி.யு.சி.யை முடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த கம்பெனிக்கு நான் போட்டோ அனுப்பியபோது, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் என் பெயர், வயசு, உயரம், விலாசம் எல்லாவற்றையும் ஆபீஸ் ஃபைலில் எழுதுகிற மாதிரி முத்து முத்தாக எழுதிக் கொடுத்தது அவர்தான்.

இன்றைக்கு லிங்கராஜபுரத்துப் பிள்ளைகள் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, நடித்து, அங்கிருந்தே கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, நம்மைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள். அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் ஒருத்தரிடமாவது காட்டுங்கள் என்று மட்டும் சொல்வேன். தாராவாஹி வீட்டை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது கண்ணாடி வைத்த ஆபீஸ் நிற்கிறது. சிவாஜிநகர் ஸ்டுடியோ இருந்த மாடியில் மொபைல் கவர் விற்கிறார்கள். அந்தப் பத்து விநாடியைத் தேடி மஞ்சண்ணாவிடம் போனேன். அந்தக் காலத்தில் ஒரு டேப்பின் மேலேயே அடுத்தடுத்த கதைகளைப் பதிவு பண்ணிவிடுவோம், எதுவும் மிச்சமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

தேடியதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் அப்பா போய்விட்டார். போட்டோவுக்கு நிற்கிற பழக்கமே இல்லாதவர்; ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைத்தான் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டோம். அம்மா மார்க்கெட்டிலிருந்து சந்தன மாலை வாங்கி வந்தாள். படத்தில் அப்பா சிரிக்கவில்லை, போட்டோக்காரர் முதுகுக்குப் பின்னால் யாரும் நின்று சிரிப்புக் காட்டியிருக்கவில்லை. தினமும் ஷூட்டிங்குக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்று, நேரமாச்சு, வரேன் என்று சொல்கிறேன். எனக்கும் ஆபீஸ் சட்டை மாதிரி எதையாவது போட்டுக்கொண்டு, யார் வாசலிலாவது போய் நாற்காலி போட்டு உட்காரத் தோன்றுகிறது. ஒண்ணு, இந்தப் படத்தைக் கழட்டுங்க. இல்லேன்னா எங்க அப்பாவை ஒரே ஒரு தடவை உயிரோட காட்டுங்க. முகம்கூட வேண்டாம், முதுகு போதும்.