பதினெட்டு மில்லி ஓம்

இல்லவே இல்லை என்று தோன்றுவதை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்டை விடவும் நிறுத்தவும் போர்டில் ஒரு சின்ன சிப் இருக்கும். அதை லோட் ஸ்விட்ச் என்போம். ஆன் ஆன பிறகும் அதில் துளி தடை மிச்சமிருக்கும். அது கூடினால் சிப் சூடாகி போர்டு பாழ். அந்தத் துளியை மில்லி ஓம் கணக்கில் பிடிக்க வேண்டும். மீட்டரோடு மல்லுக்கட்டும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா!

நாற்பத்தொன்று

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். அன்று வந்த போர்டுக்கு வரம்பு இருபத்தைந்து மில்லி ஓம். மதியம் போர்டுகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டும். சிப்பின் கால் எள்ளளவுதான். அதில் மீட்டர் வயரின் ஊசிமுனையை ஆடாமல் பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும். அவசரத்தில் ஊசியை ஒதுக்கிவிட்டு, போர்டு ஓரத்து ஸ்க்ரூவில் கிளிப்பை மாட்டினேன். சாம்பிளுக்கு எடுத்த ஐந்து போர்டுகளும் நாற்பத்தொன்றை ஒட்டியே காட்டின. நானும் யோசிக்காமல் 'சால்டரிங் கோளாறு' என்று ரிப்போர்ட் எழுதினேன்.

மேனேஜர் மஞ்சுநாத் கன்னடக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் கலக்கும். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "யாரு கை இது, வள்ளியா? இந்த மாசம் அந்தம்மா கான்ட்ராக்ட் ரினியூ பேட, அஷ்டே." வேண்டாம், அவ்வளவுதான் என்று அர்த்தம்.

ஈயம் வைத்த கை

போர்டில் சிப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வள்ளி ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். இந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் வேலையில் அதுவரை ஒரு புகார் வந்ததில்லை. சேதி தெரிந்ததும் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நேரே என் மேஜைக்கு வந்து, லென்ஸ் வழியாக போர்டைப் பார்த்தார். பிறகு என் கிளிப்பைப் பார்த்தார்.

"சார், நான் ஈயம் வச்சது சிப்பு காலாண்ட. நீங்க ஸ்க்ரூவாண்ட இல்ல புடிச்சி அளந்திருக்கீங்க?"

இருபத்து மூன்று

அவர் போனதும் ஊசியைச் சிப்பின் காலிலேயே வைத்து அளந்தேன். இருபத்து மூன்று. மிச்சப் பதினெட்டும் ஸ்க்ரூவுக்கும் போர்டின் செம்புத் தடத்துக்கும் உரியது. சால்டரிங்கில் ஒரு குறையும் இல்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லா போர்டையும் திரும்பப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி மூன்று நாளைக் கடத்தினேன். தப்பு என்னுடையது என்று எழுதிய புது ரிப்போர்ட்டோடு போனபோது, வள்ளியின் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். மஞ்சுநாத் குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தம்மா போறதை நானே தடுத்திருப்பேனே, மாராயா."

போனில்

அன்று மாலையே வள்ளிக்குப் போன் செய்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தவனை அவர் முடிக்க விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். அந்த ரெண்டாவது ரிப்போர்ட்டுல என் பேரப் போட்டு ஒரு காப்பி குடுங்க. போற எடத்துல எல்லாம், ஏன் நிறுத்துனாங்கன்னு கேக்கறாங்க."

மீட்டர் சரியாக அளக்கிறதா என்று வருஷா வருஷம் காலிபரேஷன் செய்து ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், அதைப் பிடித்திருப்பவனுக்குத்தான் அப்படியொரு ஏற்பாடு இல்லை.