பொய் மீட்டர் வைத்த இஸ்மத்

பாய்லர் அறையில் சூடு கொஞ்சம் குறைவாக இருக்கும் மூலையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, நின்றபடியேதான் தட்டுவாள் இஸ்மத். நாற்காலி போட்டால் பாய்லர்காரர் காளிச்சாமி நடமாடும் வழி அடைபட்டுவிடும். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்துகளை அவர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு விலகியதை முதல் நாளே கவனித்திருந்தாள். மறுநாள் எழுத்துகளைக் காணோம். பெரிய எண்களும் பச்சை, சிவப்புக் கட்டங்களும் மட்டுமே இருந்தன. மாற்றியதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குப் பாய்லருக்கு விபூதி பூசும்போது அவர் கம்ப்யூட்டருக்கும் ஒரு கீற்று இழுத்துவிட்டார்.

வெள்ளகோவில் ரோட்டில் இருக்கும் அந்தச் சாயப்பட்டறையில் காளிச்சாமி பதினெட்டு வருஷமாகப் பாய்லர் பார்க்கிறார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இஸ்மத் பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். வீடு கோட்டைமேட்டில். காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வருவாள். பையில் தக்காளிச் சோறு, ஒரு கோடு போட்ட நோட்டு, காதில் பென்சில். எழுதியதில் தப்பு கண்டுபிடித்தால் அவள் முகம் மலர்ந்துவிடும். "சிக்கிக்கிச்சுங்கண்ணா!" என்பாள். எல்லாம் ஒழுங்காக ஓடினால்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள்.

அழுத்தம் குறைந்தால் தீ கூட வேண்டும்; எட்டு கிலோவைத் தாண்டினால் தீ தானாக நிற்க வேண்டும். அவளுடைய புரோகிராமுக்கு அதுதான் வேலை. நிற்குமா என்று எப்படிப் பார்ப்பது? முதலாளி மகன் மோகன்குமாருக்கு அதில் குழப்பமே இல்லை.

"ஒம்பதுக்கு ஏத்திப் பாத்துறலாமுங்க. காளியண்ணன் பக்கத்துல நிக்கட்டும். தீ நிக்கலைன்னா கையில அமத்திக்குவாரு."

பாய்லரின் வயிற்றில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருப்பது காளிச்சாமிக்குத் தெரியும். முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

"வேண்டாமுங்க" என்றாள் இஸ்மத். "தப்பு என்னோடதுங்க. புரோகிராமுல தீயைக் கவனிக்கற பகுதியே நேராப் போயி அழுத்தம் காட்டற மீட்டரைக் கேக்கற மாதிரி எழுதிப்போட்டேன். அதான் பாய்லர் இல்லாம சோதிக்க முடியல. கேக்கற இடத்தைத் தனியாப் பிரிச்சுடறேன். ரெண்டு நாள் குடுங்க."

"வெள்ளிக்கெழமை ஓட்டறதாப் பேச்சுங்க அம்மணி."

"ஓட்டலாமுங்க. ஆனா பக்கத்துல நீங்க நிக்கோணும்."

மோகன்குமார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கிடைத்தது.

மீட்டர் இருக்கிற இடத்தில் ஒரு பொய் மீட்டரை வைத்தாள். அதுவும் ஒரு புரோகிராம்தான். எட்டரை என்று சொல்லச் சொன்னால் எட்டரை என்று சொல்லும். தீயைக் கவனிக்கிற பகுதிக்கு வித்தியாசமே தெரியாது. தீ நின்றபின் மறுபடி மூட்டப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு பொய்க் கடிகாரமும் வைத்தாள். காத்திருப்பு நொடியில் முடிந்தது.

காளிச்சாமிக்கு மனசு ஒப்பவில்லை. "பொய் சொல்றதுக்குன்னே ஒண்ணாங்க அம்மணி?"

"பாய்லர் வெடிக்காம இருக்கறதுக்குச் சொல்ற பொய்யிங்கண்ணா. உங்க சாமியும் கோவிச்சுக்காது, எங்க அல்லாவும் கோவிச்சுக்க மாட்டான். இந்த ரூமுல என்னென்ன கோளாறு வரும், சொல்லுங்க."

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். கரண்ட் போய் வந்தால் மீட்டர் துள்ளும். மோட்டார் ஓடும்போது எண் நடுங்கும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, பொய் மீட்டரை அப்படியே நடிக்க வைத்தாள். பச்சை. மறுபடியும் பச்சை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மழைக்காலத்துல எலி வந்து ஒயரைக் கடிச்சுப்போடுமுங்க" என்றார்.

ஒயர் அறுந்தால் கம்ப்யூட்டருக்காக மாட்டிய புது மீட்டர் பூஜ்யம் காட்டும். பொய் மீட்டரைப் பூஜ்யம் சொல்ல வைத்தாள். கட்டம் சிவந்தது. அழுத்தமே இல்லை என்று நம்பி, புரோகிராம் தீயைக் கூட்டிக்கொண்டே போயிருந்தது.

இந்த முறை இஸ்மத் "சிக்கிக்கிச்சு" என்று சொல்லவில்லை. பாய்லரைப் பார்த்தாள். அதை ஒட்டி அவர் தினமும் நிற்கிற இடத்தையும் பார்த்தாள். சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

ஓடிக்கொண்டிருக்கும் பாய்லர் திடீரென்று பூஜ்யம் காட்டினால் தீ நின்று மணி அடிக்கும்படி, அன்று சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை ஓட்டம் எட்டு கிலோவுக்குள்ளேயே நடந்து முடிந்தது. ஒன்பது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பஸ் ஏற்றிவிடக் காளிச்சாமி கூடவே வந்தார். படியில் ஏறியவள், நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள்.

"எங்க பக்கத்து ஊட்டு போன் நம்பருங்கண்ணா. இஸ்மத்னு சொன்னாக் கூப்பிட்டு உடுவாங்க. எலி மாதிரி இன்னும் ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சுன்னா, நான் அடுத்து வர்றப்பப் பாத்துக்கலாம்னு இருந்துறாதீங்க. அன்னிக்கே சொல்லிப்போடுங்க."