வண்டியில் இல்லாதவன்

செங்கல்பட்டு வழியாகக் காலையில் சென்னைக்குப் போகும் பாசஞ்சர் ரயில்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வண்டி எங்கே வருகிறது, யாருடைய டிபன் பை சீட்டில் கிடக்கிறது, எல்லாம் அதில்தான். முன்னால் ஏறுபவர்கள் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதும் அந்தக் குழுவின் தயவில்தான். ஓய்வு பெற்ற மறுநாளே நான் அதிலிருந்து விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

மகள் பெங்களூரில். பேரனைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் அங்கே போய்விட்டாள். செங்கல்பட்டுக்கு முன்னால் வரும் படாளத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால்தான் தண்டவாளம். வண்டி கடந்ததும், 'படாளம் தாண்டியாச்சு' என்று குழுவில் போடுவேன். நான் வண்டிக்குள் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். வண்டி எங்கே என்று அவரவர் செல்போனே காட்டிவிடும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் போட்டதும் நாலு பேர் 'தேங்க்ஸ்ணா' என்பார்கள். அந்த நாலு பேருக்காகப் பல்கூடத் தேய்க்காமல் கொல்லையில் போய் நின்ற ஆள் நான்.

ஒரு நாள் செங்கல்பட்டில் ஏறும் ஒருவர் குழுவில் கேட்டார்: "அண்ணாத்த, எந்தப் பெட்டில கீற? காலு சுளுக்கிக்கிச்சு, ஒரு சீட்டு போட்டு வையேன்."

சுளுக்கிய காலோடு நிற்பவரிடம் எப்படிப் பொய் சொல்வது? "நான் வண்டில இல்ல. ரிட்டயர் ஆயிட்டேன். வூட்டாண்ட நின்னு பாத்து சொல்றேன்" என்று எழுதினேன்.

"அப்போ டெய்லி இன்னாத்துக்கு சொல்லிகினு கீற?"

வீடு வெறிச்சென்று கிடக்கிறது, காலையில் உங்களோடு பேசாவிட்டால் அப்புறம் பேச ஆளே இல்லை என்று முழுசாக அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, 'சும்மாதான்' என்று அனுப்பினேன். குழுவிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று அன்று முழுக்க செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

தூக்கவில்லை. சாயங்காலம் குழுவை நடத்துபவர் போன் செய்தார். மதுராந்தகத்தில் ஏறி, முன்பெல்லாம் என் எதிர் சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவர்; நான் பெட்டி மாறிவிட்டேன் என்று நினைத்திருந்தாராம்.

"இன்னா அண்ணாத்த, எங்களுக்காக நீ எதுக்கு பேஜார் படற? வண்டில வர்ற பசங்க கைல சொல்லிட்டேன், இனிமே அவனுங்க போட்டுக்குவானுங்க. நீ நல்லா தூங்கு."

"சரிப்பா" என்றேன். தங்கமான மனிதர். கோபப்படக்கூட வழியில்லை.

மறுநாள் கொல்லைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அது போய் ஓய்வதற்குள், வேறு யாரோ என் வார்த்தைகளையே குழுவில் போட்டுவிட்டார். குழுவை நடத்துபவர் சொன்னபடி தூங்கப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.